3 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு வீட்டு விளையாட்டுகள்: தேர்ந்தெடுக்க, திட்டமிட, நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் மூன்று நாள்: பார்ப்பது மட்டும்

மூன்று வயதுப் பிள்ளை சமையலறைக் கீழ்த்தட்டைத் திறந்து டப்பாக்களை வெளியே இழுத்துப் போடும். மூடியைத் திருகும், மூடும், திரும்பத் திருகும். "சும்மா இருக்க மாட்டியா?" என்று நமக்குத் தோன்றும் அந்த நேரத்தில், தன் கைக்கு என்ன வேலை வேண்டும் என்று பிள்ளை தெளிவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்கு மூடி திருகும் வேலை வேண்டும். அதைக் கவனிக்காமல் செல்பேசியில் பார்த்த அழகான ஒரு கைவேலைக்கு வண்ணக் காகிதமும் பசையும் வாங்கி வந்து உட்கார வைத்தால், இரண்டு நிமிடத்தில் எழுந்து மறுபடி டப்பாவுக்கே போய்விடும்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சின்ன நோட்டை எடுத்துக்கொண்டு மூன்று நாள் மூன்று விஷயங்களை மட்டும் குறியுங்கள். எந்தச் செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறது? எந்த இடத்தில் கை தடுமாறி உதவி கேட்கிறது அல்லது அழுகிறது? நாளின் எந்த நேரத்தில் மலர்ச்சியாக இருக்கிறது?

மூன்றாம் நாள் முடிவில் ஒரு சாடை பிடிபடும். எறிந்துகொண்டே இருக்கும் பிள்ளைக்குப் பழைய துணிப் பந்தும் ஒரு கூடையும் போதும். குழாயடியை விட்டு நகராத பிள்ளைக்கு ஊற்றும் வேலை. செருப்பையும் ஸ்பூனையும் வரிசையாக அடுக்குகிறதா, அதற்குப் பிரித்து அடுக்கும் வேலை. போர்வைக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும் பிள்ளைக்கு இரண்டு நாற்காலியும் ஒரு பழைய புடவையும் சேர்ந்தால் வீடு தயார். சோபா மேல் ஏறிக் குதிக்கிற பிள்ளையை உட்கார வைத்து வண்ணம் தீட்டச் சொன்னால் நடக்காது. முதலில் குதிக்க விட்டுவிட்டுத்தான் காகிதத்தை எடுக்க வேண்டும்.

எந்த அளவு கடினம்?

எளிய அளவுகோல் ஒன்று உண்டு. ஒரு வேலையின் பாதியைப் பிள்ளை தானாகவே செய்ய முடிய வேண்டும், மீதிப் பாதிக்குக் கொஞ்சம் முயல வேண்டும். முழுதும் முடிந்தால் அலுப்பு வரும். எதுவுமே முடியாவிட்டால் பொருள் பறக்கும்.

வயதை வைத்துத் தோராயமாகச் சொல்லலாம். 3 வயதில் வட்டம் போல ஒன்றை வரையும், கத்தரிக்கோலால் காகித ஓரத்தைத் துண்டு துண்டாக நறுக்கும், இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்கும். 4 வயதில் கூட்டல் குறி வரையும், நேர்கோட்டில் வெட்டப் பழகும், ஒற்றைக் காலில் சில தப்படி நொண்டும். 5 வயதை ஒட்டிச் சதுரமும் முக்கோணமும் வரும், பாண்டி ஆட்டத்தின் கட்டங்களைத் தாண்டும். ஆறு மாதம் முன்பின் ஆவது சாதாரணம். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது திட்டமிட உதவாது.

மூன்று வயதில் எழுத்தின் மேல் எழுத வைக்கும் அச்சுத்தாள்களை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. விரலுக்கு இன்னும் வலு வராத வயது அது. பென்சிலை முஷ்டியில் இறுக்கிப் பிடித்துப் பழகினால் பின்னால் மாற்றுவது கடினம். கறிவேப்பிலை உருவுவதும் துணி கிளிப் மாட்டுவதும் அந்த வலுவைத் தரும்.

பொருள் சேர்க்கும் முன்: எதைத் தொடக்கூடாது

3 வயது நிறையாத பிள்ளை வீட்டில் இருந்தால் 3.2 செ.மீ. குறுக்களவுக்குள் அடங்கும் எதையும் விளையாடக் கொடுக்காதீர்கள். புளியங்கொட்டை, வேர்க்கடலை, கொண்டைக்கடலை, பாசிமணி, சட்டைப் பொத்தான் எல்லாம் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை. மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வதும் நடக்கும். 3 வயது கடந்தும் எதையும் வாயில் வைக்கும் பழக்கம் போகாத பிள்ளைக்கும் இதே விதிதான்.

விதைகளில் விளையாடும் வழக்கம் நம்மிடம் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குன்றிமணியை எந்த வயதிலும் கொடுக்கக்கூடாது. சிவப்பும் கறுப்புமாய் அழகாக இருக்கும் அந்த விதையை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதை, அரளி, ஊமத்தை எல்லாம் இதே பட்டியலில் வரும். வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையைக் கெடுத்துவிடும், அதை எட்டாத உயரத்தில் வையுங்கள். பொம்மைக்குள் இருக்கும் பொத்தான் போன்ற சின்ன பேட்டரி, சின்னக் காந்த உருண்டைகள், தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகள், வெடித்த பலூன் துண்டுகள் ஆகியவற்றை வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். பக்கெட்டில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும் அதன் பக்கத்தில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். தூளி ஆட்டம் முடிந்ததும் புடவை முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். கழுத்தில் சுற்றிக்கொள்ள ஒரு நிமிடம் போதும்.

இடமும் தாம்பாளமும்

ஒரு விளையாட்டுக்கு வேண்டிய எல்லாப் பொருளும் ஒரே தாம்பாளத்தில் இருக்க வேண்டும். விளிம்பு உயர்ந்த தட்டாக இருந்தால் சிந்தியது உள்ளேயே நிற்கும். அதைவிட முக்கியம், "இதுதான் உன் வேலை செய்யும் இடம்" என்ற எல்லை பிள்ளைக்குக் கண்ணால் தெரியும். தரையில் பழைய வேட்டியையோ சாக்கையோ விரித்து அதன் மேல் வையுங்கள். டைல்ஸ் தரையில் தண்ணீரோ அரிசியோ சிந்தினால் வழுக்கும்.

ஊற்றுவது, அள்ளுவது, துடைப்பது போன்ற அன்றாட வேலைகளை இப்படித் தட்டில் வைத்துத் தருவது மாண்டிசோரி முறையில் வேரூன்றிய பழக்கம். அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். இந்த முறைக்கென்று விற்கும் விலையுயர்ந்த மரச்சாமான் எதுவும் வேண்டியதில்லை, நம் சமையலறையில் உள்ளதே போதும்.

பொம்மைகளில் மூன்றில் இரண்டு பங்கைப் பரணில் ஏற்றிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஐந்தாறு மட்டும் இருக்கட்டும். பத்து நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பரணிலிருந்து இறங்கும் பழைய சொப்புச் சாமான் புதிதாக வாங்கியது போல வரவேற்கப்படும்.

ஊற்றும் விளையாட்டு, படிப்படியாக

முதல் நாள் தண்ணீர் வேண்டாம், துவரம் பருப்பில் தொடங்குங்கள். ஒரு தம்ளரில் பாதி அளவு பருப்பு, பக்கத்தில் ஒரு வெறும் தம்ளர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு தடவை மெதுவாக ஊற்றிக் காட்டுங்கள். அப்போது பேசாதீர்கள். இந்த வயதில் கையைப் பார்ப்பதும் வாயைக் கேட்பதும் ஒரே நேரத்தில் கடினம். பிறகு தாம்பாளத்தைப் பிள்ளையிடம் நகர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பருப்பைச் சிந்தாமல் ஊற்றப் பழகியதும் தண்ணீருக்கு மாறலாம். 100 மி.லி. போதும். மூக்கு வைத்த சின்ன ஜக் தேடிக் கொடுங்கள். வழவழப்பான எவர்சில்வர் தம்ளரிலிருந்து மெதுவாக ஊற்றினால் தண்ணீர் வெளிச்சுவரிலேயே வழிந்து கீழே போகும், பிள்ளைமேல் தவறில்லை. தண்ணீரை வாங்கிக்கொள்ளும் தம்ளரில் முக்கால் உயரத்தில் ஒரு ரப்பர் பேண்டைப் போடுங்கள். "இந்தக் கோடு வரைக்கும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். ஸ்பாஞ்சை நான்காக வெட்டி ஒரு துண்டைத் தட்டிலேயே வையுங்கள். சில பிள்ளைகள் ஊற்றுவதைவிடத் துடைத்துப் பிழிவதில்தான் அதிக நேரம் இருப்பார்கள். அதுவும் விளையாட்டே.

அடுத்த கட்டத்தில் ஒரு ஜக்கிலிருந்து மூன்று சின்னக் கிண்ணங்களில் சமமாக ஊற்றச் சொல்லலாம். பால் புகட்டும் பாலாடைக் கிண்ணத்தால் மொண்டு ஊற்றலாம். தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள் கலந்தால் மட்டம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

விளையாட்டு மாவு

மைதா 1 கப், பொடி உப்பு அரை கப், தண்ணீர் 1 கப், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி. நிறத்துக்குத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள் கலக்கலாம், அல்லது தண்ணீருக்குப் பதில் பீட்ரூட் வடித்த நீரை எடுக்கலாம்.

எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, ஒட்டாத வாணலியில் சிறுதீயில் கிளறுங்கள். முதலில் கஞ்சி போல இருக்கும். மூன்று நான்கு நிமிடத்தில் திரளத் தொடங்கும். கேசரி போல வாணலியை விட்டுச் சுருண்டு வந்ததும் இறக்கி, கை பொறுக்கும் சூடு வரும்வரை ஆறவிட்டு, சப்பாத்தி மாவைப் போல நான்கு நிமிடம் பிசையுங்கள். இந்தக் கடைசிப் பிசைதலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், அதனால் மாவு விண்டு விண்டு போகிறது.

கையில் ஒட்டினால் வேகவில்லை என்று அர்த்தம், மறுபடி ஒரு நிமிடம் அடுப்பில் வையுங்கள். வெடித்தால் அதிகம் வெந்துவிட்டது, ஒரு தேக்கரண்டி வெந்நீரும் கொஞ்சம் எண்ணெயும் தொட்டுப் பிசையுங்கள். கல்லுப்பு போட்டால் நறநறக்கும். மைதாவுக்குப் பதில் அரிசி மாவு சேராது: கோதுமையில் உள்ள பசைத்தன்மை அரிசியில் இல்லை, உருட்டினால் உதிரும். மழைக்காலத்தில் உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால் மாவு கசகசக்கும், அப்போது மைதாவைத் தூவிப் பிசையலாம். காற்றுப் புகாத டப்பாவில் வெளியே நாலைந்து நாள், ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று வாரம் இருக்கும். வாடை மாறினாலோ பூஞ்சை தெரிந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

உப்பு மிகுதி என்பதால் தின்னக்கூடாது. நாக்கில் பட்டால் பெரும்பாலான பிள்ளைகள் துப்பிவிடுவார்கள். ஆனால் எதையும் விழுங்கும் பிள்ளைக்கு உப்பில்லாத சப்பாத்தி மாவே சரி.

மாவோடு முதல் நாளிலேயே அச்சுகளைக் கொடுக்காதீர்கள். அச்சு வந்ததும் கை அழுத்துவதோடு நின்றுவிடும். முதல் இரண்டு நாள் வெறும் மாவு. அடுத்து முறுக்கு உழக்கு, இடியாப்பக் குழல், சீப்பு, சப்பாத்திக் கட்டை என ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

அடுக்களை வேலையே பாடம்

கறிவேப்பிலை உருவுவது, பச்சைப் பட்டாணி உரிப்பது, கீரை ஆய்வது, வேகவைத்த உருளைக்கிழங்கின் தோல் எடுப்பது எல்லாமே கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் சேர்ந்து செய்யும் வேலைகள். பென்சில் பிடிக்கத் தேவையானதும் அதே மூன்று விரல்கள்தான். பிள்ளைக்குத் தனிக் கிண்ணமும் சின்ன அளவும் கொடுங்கள்: மூன்று ஈர்க்குக் கறிவேப்பிலை, பத்துப் பட்டாணிக் காய். உரித்ததை அன்றைய சமையலில் கட்டாயம் சேர்த்து, சாப்பிடும்போது "இது நீ உரிச்ச பட்டாணி" என்று வீட்டில் எல்லோர் காதிலும் விழச் சொல்லுங்கள். வீட்டுக்குத் தன் கையால் ஒன்று கொடுத்தோம் என்ற நிறைவை எந்தப் பொம்மையாலும் தர முடியாது.

துவைத்த துணியில் சாக்ஸ் ஜோடி சேர்ப்பது, ஸ்பூன்களைப் பெரிது சிறிதாகப் பிரிப்பது, ஐந்து பாட்டில்களுக்கு மூடி கண்டுபிடிப்பது இவையும் அப்படியே. பிரிக்கும் வேலையில் ஒரு நேரத்தில் ஒரு குணம் மட்டும். நிறம் என்றால் நிறம், அளவு என்றால் அளவு. இரண்டையும் கலந்தால் நான்கு வயதுப் பிள்ளையும் குழம்பும். துணி கிளிப்புகளை அட்டை ஓரத்தில் மாட்டுவதற்குப் பழைய கிளிப்பாகப் பாருங்கள், புதியதன் ஸ்பிரிங் சின்ன விரலுக்கு இறுக்கம்.

ரவையும் கோலப்புள்ளியும் பல்லாங்குழியும்

தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுத வைப்பது பலருக்கும் தெரியும், ஆனால் இரண்டு இடத்தில் சறுக்கும். எவர்சில்வர் தட்டில் வெள்ளை ரவை போட்டால் கோடு தெரியாது. அடர்நீலத் தட்டை எடுங்கள், இல்லையேல் அடியில் கறுப்புக் காகிதம் விரியுங்கள். ரவை 3 மி.மீ. கனத்துக்கு மேல் போனால் கோட்டுக்குள் ரவையே சரிந்து மூடிவிடும். முதலில் நின்ற கோடு, படுத்த கோடு, வட்டம், சுழி. எழுத்து கேட்கும் பிள்ளைக்கு ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கலாம். வளைவும் சுழியும் நிறைந்த அ, இ பின்னால் வரட்டும்.

வாசலில் நீங்கள் கோலம் போடும்போது பக்கத்தில் ஒரு முழம் இடம் பிள்ளைக்கு ஒதுக்குங்கள். பச்சரிசி மாவு கொடுங்கள், கல்மாவின் தூசி மூச்சுக்கு நல்லதல்ல. 3 வயதுக்குப் புள்ளி வைப்பது மட்டும் போதும். 4 வயதில் மூன்றுக்கு மூன்று புள்ளி வைத்துக் கோட்டால் சேர்க்கலாம். 5 வயதில் ஒரு புள்ளியைச் சுற்றி வளைத்து வரும் சுழியை முயலலாம்.

பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழு என 14 குழி. முழு ஆட்டம் இந்த வயதுக்கு எட்டாது. ஒரு குழிக்கு இரண்டு சோழி என்று குறைத்து, எடுத்ததைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவதை மட்டும் விளையாடுங்கள். வாய் "ஒண்ணு, ரெண்டு" என்று ஓடுவதும் கை ஒவ்வொன்றாகப் போடுவதும் அங்கே ஒன்று சேர்கின்றன. நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளைக்கும் பத்துப் பொருளைச் சரியாக எண்ண வராததற்குக் காரணம் இந்தச் சேர்க்கை பழகாததுதான்.

நிறம் மாறும் நீர்

மழை நாளுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். பத்துச் சங்குப்பூவை ஒரு தம்ளர் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, வடித்து, முழுக்க ஆறவிடுங்கள். நீல நீரை மூன்று கண்ணாடிக் கிண்ணங்களில் பிரியுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் ஊதாவாகி இளஞ்சிவப்பை நோக்கிப் போகும். இன்னொன்றில் சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் பச்சை சாயல் வரும். மூன்றாவதை அப்படியே விடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். "என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று ஊற்றுவதற்கு முன் கேளுங்கள். ஊற்றிய பிறகு கேட்டால் யோசிக்க ஒன்றுமில்லை.

சங்குப்பூ இல்லாவிட்டால் வெள்ளைத் தாளில் மஞ்சள் கரைசலைப் பூசி உலர்த்தி, சோடா கரைத்த நீரைப் பஞ்சுக் குச்சியால் தொட்டு எழுதினால் செம்பழுப்பில் கோடு விழும். எலுமிச்சை தடவினால் திரும்ப மஞ்சளாகும். பழைய சட்டை போட்டுவிடுங்கள், மஞ்சள் கறை லேசில் போகாது.

உடம்புக்கு

உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் 3, 4 வயதுக்கு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடலசைவு வேண்டும் என்கிறது, அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாடுவதாக இருக்க வேண்டும். உட்கார்ந்து திரை பார்ப்பது 1 மணி நேரத்துக்குள், குறைந்தால் நல்லது. தூக்கம் 10 முதல் 13 மணி நேரம். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இந்த 180 பெரிதாகத் தெரியும், ஆனால் பத்துப் பத்து நிமிடமாகச் சேர்ந்தாலும் கணக்குதான்.

தரையில் சாக்பீஸால் 3 மீட்டர் கோடு போட்டு அதன் மேல் நடக்கச் சொல்லுங்கள். அடுத்து குழிக்கரண்டியில் எலுமிச்சை வைத்து நடை, பழகியதும் தட்டையான கரண்டி. தலையணைகளை ஆற்றுக்கல் போலப் பரப்பித் தாண்டலாம். கத்திரி வெயிலில் காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 4 மணி வரை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, வெளியாட்டத்தை மாலைக்குத் தள்ளுங்கள்.

ஒரு நாளும் ஒரு வாரமும்

நாளுக்கு நீங்கள் முன்கூட்டி எடுத்துவைக்கும் விளையாட்டு இரண்டு போதும். காலைச் சாப்பாட்டுக்குப் பின் கைவேலை ஒன்று, மாலையில் உடம்பு ஆட்டம் ஒன்று. மீதி நேரம் பிள்ளை தானே கண்டுபிடிப்பதற்கு. பசி, தூக்கம், விருந்தாளி வரும் நேரம் இவற்றில் புதிய விளையாட்டைத் தொடங்காதீர்கள்.

வாரம் முழுக்க ஏழு புதுமை தேவையில்லை. திங்களன்று அறிமுகமான ஊற்றும் வேலையைப் புதன் வரை அப்படியே வையுங்கள். வியாழன் ஒரு மாற்றம், பெரிய தம்ளர் அல்லது நிற நீர். வெள்ளி விளையாட்டு மாவு. சனிக்கிழமை அடுக்களையில் கூடமாட. ஞாயிறு எதுவும் எடுத்துவைக்காமல் விட்டுப் பாருங்கள், எதைத் தேடிப் போகிறதோ அதுதான் அடுத்த வாரத்தின் தொடக்கம். இரவில் கதை நாள் தவறாமல் இருக்கட்டும். ஒரே கதையை ஐந்து நாள் கேட்டால் ஐந்து நாளும் சொல்லுங்கள். நான்காம் நாள் நடுவில் ஒரு வரியை நிறுத்தினால் பிள்ளை நிரப்பும்.

நடுவில் என்ன பேசுவது

முதல் ஐந்து நிமிடம் எதுவும் வேண்டாம். பிறகு கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: "பெருசெல்லாம் கீழ வச்சிட்டே, சின்னது மேல நிக்குது." "இது என்ன கலர்? எத்தனை இருக்கு?" என்று வரிசையாகக் கேட்டால் விளையாட்டு பரீட்சையாகிவிடும். ஒரு கேள்வி கேட்டால் மனசுக்குள் ஐந்து எண்ணும் வரை காத்திருங்கள். பதில் வரும் முன்னே அடுத்த கேள்வி போடுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு.

சறுக்கும்போது

இரண்டு நிமிடத்தில் எழுந்து போனால் தட்டில் உள்ள பொருளைப் பாதியாகக் குறையுங்கள். அதற்கும் போனால் ஒரு படி எளிதாக்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பத்து நாள் எடுத்துவைத்துவிடுங்கள். கட்டாயப்படுத்தி முடிக்க வைத்த விளையாட்டை மறுநாள் யாரும் தொடமாட்டார்கள்.

பொருளை வீசினால் "வீசுறது பந்தைத்தான்" என்று ஒரு தடவை சொல்லித் துணிப் பந்தைக் கையில் கொடுங்கள். மறுபடி பருப்பை வீசினால் தட்டைக் கோபமில்லாமல் எடுத்துவிடுங்கள், மாலையில் திரும்பக் கொடுங்கள்.

முடிக்கும் நேரத்தில் அழுகை வருவதற்குக் காரணம், "அஞ்சு நிமிஷம்" என்றால் என்னவென்று பிள்ளைக்குத் தெரியாது. "இன்னும் மூணு தடவை ஊத்திட்டு மூடிடலாம்" என்று சொல்லிக் கூடவே எண்ணுங்கள். அந்தக் கணக்கு புரியும். எடுத்துவைப்பதும் விளையாட்டின் பகுதியாகவே முதல் நாளிலிருந்து நடக்கட்டும். தாம்பாளத்தின் அடியில் ஒவ்வொரு பொருளின் வெளிக்கோட்டையும் காகிதத்தில் வரைந்து ஒட்டினால், எது எங்கே போக வேண்டும் என்பதைப் பிள்ளையே பார்த்து வைக்கும்.

வீட்டில் 3 வயதும் 5 வயதும் இரண்டு பேர் இருந்தால் ஒரே பொருளுக்கு இரண்டு வேலை கொடுங்கள். தம்பி பட்டாணியை உரிக்கட்டும், அக்கா அதைப் பத்துப் பத்தாக எண்ணிக் கிண்ணத்தில் போடட்டும். தட்டு மட்டும் ஆளுக்கொன்று தனித்தனியாக இருக்க வேண்டும். உரித்த பட்டாணி அக்காவின் கிண்ணத்துக்குப் போகும் முன் தம்பி வாயில் போகாமல் பார்த்துக்கொள்ள, ஒரு பெரியவர் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.